கால்களுக்கு எத்தனை குதிரைத்திறன்?

கைப்பந்து ஆட்டத்தில் ஒருவன் வலைக்கு மேலே எழும்பிப் பந்தை அறைந்து இறக்கும்போது, திடலைச் சுற்றி நிற்பவர்கள், “அவன் காலில் ஸ்பிரிங் வைத்திருக்கிறானடா!” என்பார்கள். நூறு மீட்டர் ஓட்டத்தில் துப்பாக்கி ஒலித்த கணமே மற்றவர்களை விட்டு முன்னே பாய்ந்து விடுபவனையும் அப்படித்தான் சொல்லுகிறோம். இந்த ‘ஸ்பிரிங்’ என்பது என்ன? அதை அளக்க முடியுமா? அளந்தால் எந்த அலகில் சொல்வது? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இக்கேள்வி எனக்கு வெறும் பாட ஆர்வத்தால் எழுந்ததன்று. நான் பள்ளியில் பயின்றபோது தடகளப் பயிற்சிக்கு மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் சோதனை ஒன்று நடந்தது. சுவரில் சுண்ணக்கட்டியால் அளவுக் கோடுகள் போட்டிருந்தார்கள். நின்ற இடத்திலிருந்தே தாவி, எட்டும் வரை சுவரைத் தொடவேண்டும். தொட்ட உயரம் ஏட்டில் ‘கால் பலம்’ என்ற தலைப்பின் கீழே எழுதப்பட்டது. என் வகுப்புத் தோழன் ஒருவன், குட்டையானவன். 2 மீட்டர் 72 சென்டிமீட்டர் தொட்டான். அடுத்து வந்த நெடியவன் 2 மீட்டர் 80 தொட்டான். நெடியவன் தேர்வானான். என் தோழன் அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவனுக்கு என்ன ஆறுதல் சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை. ஏனெனில் சுவரில் இருந்த கோடு பொய் சொல்லவில்லை. நெடியவன் தொட்டது உயரம்தான். ஆனால் அந்தக் கோடு எதை அளந்தது என்று கேட்கும் அறிவு அன்று எங்கள் இருவருக்கும் இல்லை.

வலிமையும் திறனும்

பேச்சு வழக்கில் பலம், வலிமை, சக்தி, திறன் எல்லாவற்றையும் ஒன்றாகவே வழங்குகிறோம். பௌதிகத்தில் அப்படி இல்லை. நம் ஊர்களில் இளவட்டக்கல் தூக்குவார்கள் அல்லவா? 80 கிலோ எடையுள்ள கல்லை ஒன்றரை மீட்டர் உயரத்திற்கு இருவர் தூக்குவதாகக் கொள்வோம். ஒருவன் ஒரு வினாடியில் தூக்கித் தோளில் ஏற்றி விடுகிறான். மற்றவன் முக்கி முனகி மூன்று வினாடியில் ஏற்றுகிறான். இருவரும் செய்த வேலை ஒன்றே: 1,176 ஜூல். ஆனால் முதலாமவனின் திறன் 1,176 வாட். இரண்டாமவனின் திறன் 392 வாட். வேலையைக் காலத்தால் வகுத்தால் கிடைப்பது திறன். அல்லது, விசையைத் திசைவேகத்தால் பெருக்கினாலும் அதுவே கிடைக்கும்.

இந்த இரண்டாவது வாய்பாட்டில்தான் விளையாட்டு வீரனின் இரகசியம் இருக்கிறது. அசையாத சுவரை முழுப்பலத்தோடு தள்ளினால் விசை மிகப் பெரிது, வேகம் சுழி, ஆகவே திறனும் சுழி. வெறுங்கையைக் காற்றில் வீசினால் வேகம் மிகப் பெரிது. விசை மிகச் சிறிது. திறன் இங்கும் சொற்பமே. இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஓரிடத்தில் பெருக்குத்தொகை உச்சத்தை அடைகிறது. தசை எவ்வளவு விரைவாகச் சுருங்குகிறதோ அவ்வளவுக்கு அது தரும் விசை குறைகிறது என்பதைத் தவளைத் தசைகளைக் கொண்டு ஆராய்ந்து, 1938-ல் ஒரு சமன்பாடாகவே எழுதிக் காட்டினார் ஏ. வி. ஹில் என்னும் ஆங்கில அறிஞர். 1922-ஆம் ஆண்டுக்குரிய மருத்துவ நோபல் பரிசில் பங்கு பெற்றவர் அவர். அவருடைய வளைகோட்டின்படி, தசையின் உச்ச வேகத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வேகத்தில்தான் அதன் திறன் உச்சமாகிறது.

தாவும் வீரன் தரையை உந்துவதற்குக் கிடைக்கும் காலம் கால் வினாடி அளவுதான். விரைந்தோடும் ஓட்டக்காரனின் பாதம் தரையில் படிந்திருப்பதோ அதிலும் பாதிக்குக் குறைவு. அதற்குள் எவ்வளவு விசையை, எவ்வளவு வேகத்தோடு செலுத்த முடிகிறது என்பதே கேள்வி. மூச்சு வாங்கி, பிராணவாயு இரத்தத்தில் ஓடித் தசையை அடைவதற்கெல்லாம் அங்கே நேரமில்லை. தசைக்குள் முன்பே சேமித்து வைத்திருக்கும் ஏ.டி.பி., பாஸ்போகிரியேட்டின் என்ற இரு வேதிப்பொருள்களை எரித்தே வேலை நடக்கிறது. அந்தக் கையிருப்பு சில வினாடிகளில் தீர்ந்துவிடும். ஆகவேதான் இதனை வெடிதிறன் என்கிறோம். வெடிமருந்தைப் போலவே தேவையானதெல்லாம் உள்ளேயே இருக்க வேண்டிய நிலை!

சார்ஜெண்டின் சுவர்

காலின் வெடிதிறனுக்கு வரலாற்றில் ஒரு முகம் கொடுக்க வேண்டுமானால் நான் ரே யூரியைத்தான் சொல்லுவேன். அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தில் 1873-ல் பிறந்தவர். சிறு வயதில் இளம்பிள்ளைவாதம் தாக்கிச் சக்கர நாற்காலியில் இருந்தவர். கால்களை மீட்கச் செய்த பயிற்சியே அவரைத் தாவல் வீரராக்கியது. அக்காலத்து ஒலிம்பிக்கில் ஓடிவராமல், நின்ற இடத்திலிருந்தே தாவும் போட்டிகள் இருந்தன. 1900-ல் பாரிஸில் ஒரே நாளில் மூன்று போட்டிகளில் வென்றார். 1904-ல் செயின்ட் லூயிஸில் மீண்டும் மூன்று. 1908-ல் லண்டனில் இரண்டு. செயின்ட் லூயிஸில் நின்ற இடத்திலிருந்து அவர் தாண்டிய நீளம் 3 மீட்டர் 47 சென்டிமீட்டர். நம் விடுதி அறையில் ஒரு சுவரோரம் நின்று தாவினால் எதிர்ச்சுவரில் முட்டிக்கொள்ள வேண்டியதுதான். 1912-க்குப் பின் அப்போட்டிகள் ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டன. ஆனால் நின்றநிலை நீளத் தாண்டல் உடற்கல்விச் சோதனைகளில் இன்றும் உயிரோடிருக்கிறது.

செங்குத்துத் தாவலைச் சோதனையாக்கிப் பரப்பியவர் டட்லி ஆலன் சார்ஜெண்ட். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் உடற்பயிற்சிக் கூடத்திற்கு 1879 முதல் நாற்பது ஆண்டுகள் தலைவராக இருந்தவர். இளமையில் சர்க்கஸில் வித்தை காட்டியவர். பின்பு மருத்துவப் பட்டம் பெற்றவர். இந்த விசித்திரக் கலவைதான் அவருக்கு இப்படியொரு எளிய சோதனையைத் தோற்றுவித்தது போலும். 1921-ல் அவர் வெளியிட்ட கட்டுரையிலிருந்துதான் ‘சார்ஜெண்ட் தாவல்’ என்ற பெயர் நிலைத்தது.

முறை இதுதான். சுவரோரமாகப் பக்கவாட்டில் நின்று, குதிகால் தரையில் பதிய, கையை முழுதும் உயர்த்தி விரல்நுனி தொடும் இடத்தைக் குறிக்கவேண்டும். பிறகு விரலில் சுண்ணப்பொடி தடவிக்கொண்டு, குந்தி எழுந்து தாவி, உச்சியில் சுவரைத் தட்டவேண்டும். இரண்டு குறிகளுக்கும் இடையிலுள்ள தூரமே தாவல் உயரம். தொட்ட உயரமன்று, வேறுபாடு! எங்கள் பள்ளிச் சோதனையில் முதல் குறியைப் போடவேயில்லை. அவர்கள் அளந்தது பாதி, கால். மீதி, பிள்ளையின் உயரமும் கை நீளமும்.

கைப்பந்துப் பயிற்சியாளர் ஒருவர் இவ்விடத்தில் குறுக்கிட்டு, “எனக்கு வலைக்கு மேலே கை எவ்வளவு எட்டுகிறது என்பதுதானே வேண்டும்?” என்று கேட்கலாம். நியாயமே. ஆடவர் கைப்பந்து வலையின் உயரம் 2 மீட்டர் 43 சென்டிமீட்டர். பந்து யார் காலின் திறனையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. அங்கே தொடும் உயரமே சரியான அளவு. ஆனால் அதனைக் கால் பலம் என்று ஏட்டில் எழுதக்கூடாது. அதைக் கொண்டு ஓட்டக்காரனைத் தேர்ந்தெடுக்கவும் கூடாது.

சென்டிமீட்டரிலிருந்து வாட்டுக்கு

தாவல் உயரம் கிடைத்துவிட்டது. அது திறனா? இல்லை. அது சென்டிமீட்டர். 50 கிலோ உள்ளவனும் 80 கிலோ உள்ளவனும் அரை மீட்டர் எழும்பினால் இருவர் செய்த வேலையும் ஒன்றாகாது.

நெடுங்காலம் பாடநூல்களில் இதற்கு ‘லூயிஸ் வாய்பாடு’ என்ற ஒன்று வழங்கி வந்தது. 4.9-இன் வர்க்கமூலத்தை உடல் எடையாலும், மீட்டரில் அளந்த தாவல் உயரத்தின் வர்க்கமூலத்தாலும் பெருக்கவேண்டும். 60 கிலோ எடையுள்ளவன் 50 சென்டிமீட்டர் தாவினால் வினாடிக்கு 94 கிலோகிராம்-மீட்டர் வரும். வாட்டில் சொன்னால் சுமார் 920. குதிரைத்திறன் ஒன்றுக்கு 746 வாட் என்ற கணக்கில், ஒன்றேகால் குதிரை.

இந்த வாய்பாட்டை எடுத்துப் பிரித்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தென்படும். 4.9 எங்கிருந்து வந்தது? புவியீர்ப்பு முடுக்கமான 9.8-இல் பாதி. கீழிருந்து உச்சிக்கு எழும் பொருளின் சராசரி வேகத்தைக் கணக்கிட்டு, அதனை எடையால் பெருக்கியிருக்கிறார்கள். அதாவது, கால் தரையை விட்ட பின்னர், உடல் காற்றில் மிதக்கும் நேரத்தின் கணக்கு அது! அந்நேரத்தில் கால்கள் எந்த வேலையும் செய்வதில்லை. வேலை செய்வது பூமி. வண்டி மேட்டில் ஏறிய பிறகு மாட்டை அவிழ்த்துவிட்டு, அது உருண்டு வருவதைப் பார்த்து மாட்டின் பலத்தைச் சொல்வது போன்றது இது. இந்தக் குறையை 1990-களில் ஆராய்ச்சியாளர்கள் வெளிப்படையாகவே எடுத்துக் காட்டினார்கள். எனினும் பழைய வாய்பாடு இன்னும் சில நூல்களில் குடியிருக்கிறது.

கால்கள் உண்மையில் வேலை செய்யும் நேரத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். அதே 60 கிலோ வீரன் குந்திய நிலையிலிருந்து நிமிரும் வரை அவன் உடலின் ஈர்ப்பு மையம் 40 சென்டிமீட்டர் உயருவதாகக் கொள்க. தரையை விட்டபின் மேலும் 50. ஆக 90 சென்டிமீட்டர் உயரத்திற்கான வேலையைத் தரையில் இருக்கும்போதே கால்கள் செய்து முடிக்கவேண்டும். அது சுமார் 529 ஜூல். அரை மீட்டர் எழும்ப, தரையை விடும் கணத்தில் வேகம் வினாடிக்கு 3.13 மீட்டர் இருக்கவேண்டும். முடுக்கம் சீரானது என்று கொண்டால் உந்தும் காலத்துச் சராசரி வேகம் அதில் பாதி. எனவே 40 சென்டிமீட்டரைக் கடக்க ஆகும் நேரம் கால் வினாடிக்குச் சற்றே அதிகம். 529-ஐ அந்த நேரத்தால் வகுத்தால் ஏறத்தாழ 2,070 வாட். லூயிஸ் வாய்பாடு சொன்னதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல்!

இதுவும் சராசரிதான். உந்துதலின் இறுதிப் பகுதியில், வேகம் ஏறி, விசையும் இன்னும் குறையாமல் இருக்கும் ஒரு நொடிப்பொழுதில் திறன் உச்சத்தைத் தொடுகிறது. 1999-ல் சேயர்ஸ் என்பவரும் அவரது குழுவினரும், பலரை அளவு மேடையில் தாவவிட்டு, உச்சத் திறனுக்கு ஒரு வாய்பாடு தந்தார்கள். சென்டிமீட்டரில் தாவல் உயரத்தை 60.7-ஆலும், கிலோவில் எடையை 45.3-ஆலும் பெருக்கிக் கூட்டி, 2,055-ஐக் கழிக்கவேண்டும். நம் வீரனுக்கு 3,698 வாட் வருகிறது. ஏறத்தாழ ஐந்து குதிரை! ஒரே தாவலுக்கு ஒன்றேகால், மூன்றுக்குச் சற்றுக் குறைவு, ஐந்து என மூன்று விடைகள். எனவே எவரேனும் ‘என் கால் திறன் இத்தனை வாட்’ என்றால், எந்த வாய்பாட்டால் என்று கேட்ட பிறகே வியப்படைய வேண்டும்.

படிக்கட்டும் மேடையும்

இத்தாலியில் மிலான் நகரத்து உடலியங்கியல் அறிஞர் ரொடோல்போ மார்கரியா சுவரை விட்டுவிட்டுப் படிக்கட்டுக்குப் போனார். 1966-ல் அவர் வெளியிட்ட முறையைக் கலாமென் என்பவர் பின்னர் சிறிது மாற்றினார். வீரன் ஆறு மீட்டர் ஓடிவந்து மூன்று மூன்று படியாகத் தாவி ஏறவேண்டும். மூன்றாம் படியிலும் ஒன்பதாம் படியிலும் மின்விசைப் பாய்கள் இருக்கும்; பாதம் பட்டதும் கடிகாரம் ஓடி, அடுத்ததில் நிற்கும். அவ்விரு படிகளுக்கும் இடைப்பட்ட செங்குத்து உயரம் ஏறத்தாழ 1.05 மீட்டர். 60 கிலோ வீரன் இதனை 0.45 வினாடியில் கடந்தால் திறன் 1,372 வாட். இங்கே கிடைப்பது உண்மையான வேலையை உண்மையான காலத்தால் வகுத்த எண்; யூகம் குறைவு. ஆனால் படி தாவத் தெரியாதவன் தடுக்கி விழுவான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இஸ்ரேலின் விங்கேட் நிலையத்தில் 1970-களில் உருவான மிதிவண்டிச் சோதனையும் புகழ் பெற்றதே. முப்பது வினாடி உயிரைக் கொடுத்து மிதிக்கவேண்டிய அது, வெடிப்பை மட்டுமன்றித் தளர்ச்சியையும் சேர்த்து அளப்பது.

எல்லாவற்றுக்கும் மேலான கருவி விசை மேடை. பாரிஸில் மாரே என்னும் அறிஞர் 1880-களிலேயே காற்றழுத்தத்தால் இயங்கும் அத்தகைய மேடை ஒன்றைச் செய்து பார்த்தார். இப்போது மின்னணு உணரிகள் அதனைச் செய்கின்றன. இதன் தத்துவத்தை அறிய ஆராய்ச்சிக்கூடம் தேவையில்லை. முள் உள்ள எடை எந்திரத்தின்மேல் நின்று சட்டென்று குந்திப் பாருங்கள். முள் முதலில் உங்கள் எடைக்குக் கீழே இறங்கும். குந்துதலை நிறுத்தும்போது எடைக்கு மேலே ஏறும். எழும்போது இன்னும் ஏறும். விசை மேடை இந்த முள்ளின் ஆட்டத்தை வினாடிக்கு ஆயிரம் முறை பதிவு செய்கிறது. எடைக்கு மேற்பட்ட விசையைக் காலத்தோடு கூட்டிக்கொண்டே வந்தால் உந்தம். அதை நிறையால் வகுத்தால் வேகம். அந்தந்தக் கணத்து விசையையும் வேகத்தையும் பெருக்கினால் அந்தந்தக் கணத்துத் திறன். நியூட்டனின் இரண்டாம் விதியைத் தவிர வேறொன்றும் இங்கே இல்லை.

மேடை வாங்க வசதியில்லாதவர்களுக்கு நல்வழி காட்டியவர் கார்மெலோ போஸ்கோ. இத்தாலியரான இவர் பின்லாந்தில் கோமி என்னும் பேராசிரியரோடு பணியாற்றியவர். வீரன் காற்றில் இருக்கும் நேரத்தை மட்டும் ஒரு மின்பாயால் அளந்தால் போதும். அந்நேரத்தின் வர்க்கத்தை 9.8-ஆல் பெருக்கி எட்டால் வகுத்தால் தாவல் உயரம் மீட்டரில் வந்துவிடும். 1983-ல் அவரும் குழுவினரும் வெளியிட்ட சோதனையில், வீரன் அறுபது வினாடி இடைவிடாமல் தாவிக்கொண்டே இருக்கவேண்டும். முதல் பதினைந்து வினாடித் திறனையும் கடைசிப் பதினைந்து வினாடித் திறனையும் ஒப்பிட்டால் காலின் களைப்பு தெரியும். இன்னொன்றும் தெரியவந்தது. குந்தியபடி அசையாமல் இருந்து எழும் தாவலைவிட, நின்று சட்டென இறங்கி உடனே எழும் தாவல் சில சென்டிமீட்டர் அதிகம். தசையும் தசைநாணும் இரப்பரைப் போல நீண்டு ஆற்றலைச் சேமிப்பதே காரணம் என்றார்கள் ஒரு சாரார். அதைவிட, எழுமுன்பே தசை முழு விசையை எட்டிவிட நேரம் கிடைப்பதே காரணம் என்கிறார்கள் மற்றொரு சாரார். இவ்வழக்கு இன்னும் முடியவில்லை.

நம் சுவரில் செய்வதானால்

நேரத்தை அளக்கும் முறை எளிது என்பதால் கைக்கடிகாரத்தோடு யாரும் புறப்பட்டுவிட வேண்டாம். அரை மீட்டர் தாவுபவன் காற்றில் இருப்பது 0.64 வினாடியே. விரல் ஒரு பத்தில் ஒரு வினாடி தாமதித்தால் கணக்கு 50-க்குப் பதில் 67 சென்டிமீட்டர் காட்டும்! இன்றைய கைப்பேசிகள் சிலவற்றில் வினாடிக்கு 240 படம் எடுக்கும் வசதி உண்டு. கால் தரையை விடும் படத்தையும், மீண்டும் தொடும் படத்தையும் கண்டு, இடைப்பட்ட படங்களை எண்ணினால் போதும். ஒரு படம் தவறினாலும் பிழை 7 மில்லிமீட்டர் அளவே. சாதாரணமாக 30 படம் எடுக்கும் முறையில் அதுவே 5 சென்டிமீட்டர் ஆகிவிடும். இறங்கும்போது முழங்காலை மடக்கினால் காற்றில் இருக்கும் நேரம் கூடிவிடும். எழுந்த நிலையிலேயே, கால் நீட்டி இறங்கவேண்டும்.

சுவர் முறையில் திருட்டு வேறு விதம். நின்று கை நீட்டும்போது தோளைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டால் முதல் குறி இரண்டு மூன்று சென்டிமீட்டர் இறங்கிவிடும். அத்தனையும் தாவல் கணக்கில் இலாபம். குறிப்பவர் பக்கத்தில் நின்று தோளைப் பார்க்கவேண்டும். கைவீச்சு மட்டுமே உயரத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கைக் கூட்டக் கூடியது. எனவே எல்லாரும் வீசவேண்டும், அல்லது எல்லாரும் இடுப்பில் கை வைத்துக்கொள்ள வேண்டும். நன்றாக உடல் சூடேறிய பின் மூன்று முறை தாவவிட்டு, நடுவில் ஓய்வும் கொடுத்து, சிறந்ததை எழுதிக்கொள்ள வேண்டும். இத்தனைக்கும் தேவையானவை ஒரு சுவர், ஒரு சுண்ணக்கட்டி, ஓர் அளவுநாடா, ஓர் எடை எந்திரம்.

சென்ற விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது, என் தோழனையும் அந்த நெடியவனையும் அழைத்து இதே முறையில் அளந்தேன். மூவரும் இப்போதும் நண்பர்கள்தாம். நெடியவனின் நின்ற எட்டு உயரம் 2 மீட்டர் 34; தாவித் தொட்டது 2 மீட்டர் 80. ஆக, 46 சென்டிமீட்டர். எடை 72 கிலோ. தோழனின் எட்டு உயரம் 2 மீட்டர் 10. தொட்டது 2 மீட்டர் 72. ஆக, 62 சென்டிமீட்டர். எடை 54 கிலோ. சேயர்ஸ் வாய்பாட்டில் போட்டோம். அது குந்திய நிலையிலிருந்து எழும் தாவலுக்கு வகுத்தது. கைவீச்சோடு தாவியதற்குச் சற்றுக் கூடுதலாகவே காட்டும். ஆனால் இருவருக்கும் ஒரே முறை என்பதால் ஒப்பிடத் தடையில்லை. நெடியவனுக்கு 3,999 வாட், தோழனுக்கு 4,155. கிலோ ஒன்றுக்கு என்று பார்த்தால் நெடியவனுக்கு 55 அல்லது 56 வாட், தோழனுக்கு 77.

தாளை நெடியவன்தான் முதலில் வாங்கிப் பார்த்தான். “அப்போதே யாராவது கழித்துப் பார்த்திருக்கலாமேடா” என்றான். தோழன் சுவரில் இருந்த இரண்டு சுண்ணக் குறிகளையும் உள்ளங்கையால் துடைத்துவிட்டு, “இன்னொரு தடவை தாவுகிறேன், சரியாகக் குறி” என்றான்.